காற்று எங்கே கசிகிறது?



தோணியில் கசிவு ஏற்பட்டால் நீர் உள்ளே வரும். கால் நனையும்போதே அது நமக்குத் தெரிந்துவிடும். பேருந்தின் பிரேக்கில் கசிவு ஏற்பட்டால் காற்று வெளியே போகும். அது கண்ணுக்கும் தெரியாது, காலையும் நனைக்காது. ஆயினும் இரண்டும் உயிருக்கு ஆபத்தானவையே. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் முதல் வகைக் கசிவை நன்கு அறிவோம். இரண்டாம் வகையைப் பற்றி நினைத்துப் பார்த்தவர் சிலரே. ஆனால் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே நம்மை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் அடைபட்ட காற்றின் வலிமையால்தான் நிற்கின்றன. ஆகவே பழைய வண்டிகளில் காற்று ஏன் கசிகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அடைபட்ட காற்றின் வலிமை

1662-ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு வாயுவின் கன அளவைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்பதே அது. நாம் பாடநூலில் படிக்கும் இந்த விதியைத்தான் சைக்கிள் பம்பும் பேருந்தும் நாள்தோறும் மெய்ப்பிக்கின்றன.

பேருந்தின் அடியில் உருளை வடிவான இரும்புத் தொட்டிகள் இருக்கும். அவற்றில் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. 20 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவுமானியில் 7 கிலோகிராம் காட்டினால், வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே ஏறக்குறைய 8 மடங்கு அழுத்தம் உள்ளது. அதாவது 160 லிட்டர் வெளிக் காற்று 20 லிட்டர் இடத்தில் நெருக்கப்பட்டிருக்கிறது. சிறு துளை கிடைத்தாலும் வெளியேறத் துடிக்கும் காற்று அது!

இக்காற்று வண்டியை எப்படி நிறுத்துகிறது? ஒவ்வொரு சக்கரத்தருகிலும் பிரேக் சேம்பர் என்னும் வட்டக் கிண்ணம் உண்டு. அதனுள் டயாபிரம் எனப்படும் ரப்பர்த் தகடு இருக்கிறது. அதன் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்றால், 7 கிலோகிராம் அழுத்தத்தில் அது 150 × 7 = 1050 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். அழுத்தம் 4 கிலோகிராமாகக் குறைந்தால் விசை 600 ஆகிவிடும். ஓட்டுநர் அதே வேகத்தில்தான் மிதிக்கிறார். ஆனால் வண்டியை நிறுத்தும் வலிமையோ ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கசிவு ஏன் ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கு ஒன்றே உணர்த்தும்.

காற்று செல்லும் பாதை

நோய் எங்கே என்று அறிய மருத்துவர் முதலில் உடலமைப்பைப் படிக்கிறார். நாமும் காற்றின் பாதையைத் தெரிந்துகொள்வோம்.

எஞ்சின் சுழலும்போது அதனுடன் இணைந்த கம்ப்ரசர் வெளிக் காற்றை இழுத்து அழுத்துகிறது. காற்று முதல் தொட்டிக்குச் செல்கிறது. தொட்டி நிரம்பியதும் அன்லோடர் வால்வு ‘புஸ்’ என்று மீதிக் காற்றை வெளியே விடுகிறது. இது கசிவன்று, நல்ல வண்டியின் இயல்பான மூச்சு. முதல் தொட்டியிலிருந்து காற்று வேறு தொட்டிகளுக்குப் பிரிகிறது. வழியில் ஒருவழி வால்வுகள் உள்ளன. அவை காற்றை முன்னே விடும், பின்னே விடா. நம் பாட்டிமார் பயன்படுத்திய பம்பு ஸ்டவ்வின் உள்ளேயும் இதே வேலையைச் செய்யும் சிறு வால்வு ஒன்று இருந்தது.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது கால் வால்வு திறக்கிறது. காற்று சக்கரங்களுக்கு ஓடுகிறது. மிதியை விட்டதும் அந்தக் காற்று வால்வின் கழிவுத் துவாரம் வழியே வெளியேறுகிறது. பின் சக்கரங்கள் தொலைவில் இருப்பதால், அங்கே காற்றை விரைந்து அனுப்ப ரிலே வால்வு என்ற மற்றொன்றும் உண்டு. பேருந்தின் கதவைத் திறக்கும் உருளை, காற்று ஹாரன், சில வண்டிகளில் வில்லுக்குப் பதிலாக உள்ள காற்றுப் பைகள் ஆகியனவும் இதே காற்றையே பயன்படுத்துகின்றன.

இவ்வண்டிகளின் வரலாறு நமக்கு அண்மையில் உள்ள ஊர்களோடு இணைந்தது. நமக்குத் தெற்கே இதே கடற்கரையில் உள்ள எண்ணூரில் 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1962-இல் தொடங்கப்பட்ட சுந்தரம்-கிளேட்டன், சென்னைப் பாடியில் வண்டிகளுக்கான காற்றுப் பிரேக்குகளைச் செய்தது.

ஒரு பெரிய கண்டுபிடிப்பு

காற்றுப் பிரேக்கை முதலில் வெற்றியாகச் செய்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-இல் அவர் அமைத்த இரயில் பிரேக்கில், ஓட்டுநர் காற்றை அனுப்பினால் வண்டி நிற்கும். ஆனால் குழாய் அறுந்தாலோ காற்றும் போகும், பிரேக்கும் போகும். இக்குறையை அவர் நன்கு சிந்தித்தார். 1872-இல் அமைத்த புதிய முறையில் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தொட்டி வைத்தார். நெடுங்குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாயில் காற்றுக் குறைந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போனாலும் காப்பாற்றும்படி ஒரு கருவியை அமைப்பதே உயர்ந்த அறிவு என்பதற்கு இது நல்ல சான்று.

இதே கருத்துத்தான் இன்றைய பேருந்துகளின் பின் சக்கரங்களில் ஸ்பிரிங் பிரேக்காக அமைந்துள்ளது. அங்கே வலிய சுருள்வில் ஒன்று பிரேக்கைப் பிடிக்கக் காத்திருக்கிறது. காற்றுத்தான் அதை அழுத்தி அடக்கி வைத்திருக்கிறது. காற்று மிகவும் குறைந்தால் வில் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத மிகப் பழைய வண்டிகளுக்கோ இந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே வண்டி பழையதாக இருக்க இருக்கக் கசிவைப் பற்றிய விழிப்பும் மிகுதியாக வேண்டும்.

உப்புக் காற்றும் ஓய்ந்து நிற்கும் வண்டியும்

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கிழக்கே கடல், மேற்கே ஏரி. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் வண்டியின் மேல் உப்புத் துகள்கள் ஓயாமல் படிகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கிறது. அலுமினிய வால்வுகளின் மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. பித்தளையும் இரும்பும் சேரும் இணைப்பில் உப்பு நீர் பட்டால் இரும்பு இன்னும் விரைந்து அரிக்கப்படுகிறது.

வெளியே மட்டுமன்று, உள்ளேயும் பகை உண்டு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அக்காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்தில் நெருக்கினால் அந்தச் சிறிய இடம் அவ்வளவு நீராவியைத் தாங்காது. மிகுதி நீராகித் தொட்டியின் அடியில் தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இன்னும் அதிகம். இந்நீர் தொட்டியை உள்ளிருந்து அரிக்கிறது. துருத்தூள் வால்வுகளுக்குள் சென்று ரப்பர் வளையங்களைக் கீறுகிறது.

இங்கே ஒரு நச்சு வட்டம் இருப்பதைக் கவனியுங்கள். கசிவு இருந்தால் கம்ப்ரசர் அதிக நேரம் உழைக்க வேண்டும். அதிகக் காற்றை இழுத்தால் அதிக நீர் சேரும். அதிக நீர் புதிய கசிவை உண்டாக்கும். இன்று ஊசிமுனை அளவாக உள்ள குறை தானே வளர்வது இப்படித்தான்.

மற்றோர் உண்மையும் உண்டு. நாள்தோறும் ஓடும் வண்டியைவிட, ஓடாமல் நிற்கும் வண்டியே பல வேளைகளில் அதிகமாகக் கசியும். கரையில் நெடுநாள் கிடந்த பலகைத் தோணியின் இணைப்புகள் காய்ந்து விரிவதைப் பார்த்திருக்கிறோம் அன்றோ? அதுபோல, அசைவின்றி நிற்கும் வண்டியில் ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகி ஒட்டிக்கொள்கின்றன. வெயில் படும் குழாய்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன.

எங்கள் அறிவியல் மன்றத்தினர் பார்த்தறிந்த வண்டி அத்தகையதே. குப்பங்களில் மருத்துவ முகாம் நடத்துவோர் வைத்திருந்த பழைய பேருந்து அது. இருக்கைகளை அகற்றிவிட்டு, படுக்கை, மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி, சிறு அடுப்பு எல்லாம் வைத்து, பணியாளர் தங்கவும் வசதி செய்து, ஓடும் வீடு போல அமைத்திருந்தார்கள். மாதத்தில் சில நாள்களே அது ஓடும். முகாம் நாள் காலையில் தொட்டியில் காற்றே இருக்காது. எஞ்சினை ஓட்டி, அபாய மணி அடங்கும்வரை காத்திருந்து, குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் முதியோரும் மணற்பரப்பில் காத்திருப்பார்கள். கடலுக்குச் சென்று திரும்பியவர்களோ மருந்து வாங்காமலே மீன் விற்கப் போய்விடுவார்கள். மாலைக்குள் பார்த்து முடிக்க வேண்டிய நோயாளிகளில் சிலர் விடுபட்டுப் போவதற்குக் காரணம் மருந்துப் பற்றாக்குறையன்று, காற்றுக் கசிவு!

கண்டுபிடிக்கும் முறை

வலையைச் செப்பனிடுவோர் கிழிசல் கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் தைத்துவிட்டு எழுவதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண் கண்ணாகப் பார்த்து வருகிறார்கள். காற்றுக் கசிவுக்கும் அதுவே முறை.

முதற்படி: வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் எதையும் தொடக்கூடாது.

இரண்டாம் படி: அன்லோடர் வால்வு மூச்சு விடும்வரை காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு கைப்பிரேக்கை விடுவித்து, அளவுமானியையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பேருந்து ஓட்டுநர்க்கான தேர்வில் ஓர் அளவு சொல்லப்படுகிறது. மிதியைத் தொடாதபோது ஒரு நிமிடத்தில் 0.14 கிலோகிராமுக்கு மேலும், மிதியை முழுதும் அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் 0.21 கிலோகிராமுக்கு மேலும் அழுத்தம் இறங்கக்கூடாது.

மூன்றாம் படி: எப்போது இறங்குகிறது என்று பார்த்துப் பகுதியைப் பிரிக்க வேண்டும். மிதியை அழுத்தும்போது மட்டும் விரைந்து இறங்கினால் குறை கால் வால்வுக்கும் சக்கரங்களுக்கும் இடையே உள்ளது. மிதியைத் தொடாமலே, கைப்பிரேக் போட்டிருக்கும்போதும் இறங்கினால் தொட்டி, நீர் வடிகால், குழாய், கதவு, ஹாரன் ஆகியவற்றில் தேட வேண்டும். கைப்பிரேக்கை விடுவித்தால் மட்டும் இறங்குமானால் ஸ்பிரிங் பிரேக்கின் பக்கம் செல்ல வேண்டும். இரண்டு ஊசிகளில் எது இறங்குகிறது என்பதும் எந்தத் தொட்டியின் பக்கம் குறை என்பதைக் காட்டிக்கொடுக்கும். காற்றுப் பைகள் உள்ள வண்டி இரவில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அந்தப் பக்கப் பையையும் அதற்குரிய வால்வையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: காது. சந்தடியற்ற விடியற்காலை இதற்கு ஏற்றது. ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால் மெல்லிய சீறலும் தெளிவாகக் கேட்கும்.

ஐந்தாம் படி: சோப்பு நீர். சைக்கிள் டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பது நமக்குத் தெரியும். பேருந்தை நீரில் அமிழ்த்த முடியுமா? ஆகவே நீரைப் பேருந்துக்குக் கொண்டு செல்கிறோம். சோப்பு நுரையைத் தூரிகையால் இணைப்புகளில் பூசினால், பெரிய கசிவில் குமிழிகள் சடசடவெனப் பொங்கும். சிறிய கசிவில் வெண்ணுரை மெல்ல மெல்லத் திரளும். சோதனை முடிந்ததும் நல்ல நீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

ஒலி வரும் இடமும் குறை உள்ள இடமும்

மேற்சொன்ன வண்டியில் முதலில் அகப்பட்டது கதவின் குழாய். உரத்த சீறல் அங்கிருந்துதான் வந்தது. வெடித்திருந்த குழாயை மாற்றியதும் சீறல் நின்றது. ஆனால் ஊசி இறங்குவது நிற்கவில்லை. அடுத்து, தொட்டியின் அடியில் உள்ள நீர் வடிகால் உப்பும் துருவும் ஏறி முழுதும் மூடாமல் இருந்தது. சேற்றைக் கழுவிச் சோப்பு நீர் பூசிய பிறகே அது தெரிந்தது.

அப்போதும் ரிலே வால்வின் கழிவுத் துவாரத்தில் மெல்லிய சீறல் கேட்டது. முன்பே ஒரு பணிமனையில் அந்த ரிலே வால்வையே புதிதாக மாற்றியிருந்தார்கள். பணம் செலவானது, சீறல் மட்டும் போகவில்லை. நாங்கள் வியப்புடன், “புது வால்வும் கெட்டுப்போச்சா, அண்ணா?” என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “சத்தம் கேக்கிற இடத்தில ஸ்பேனரை வைக்காதீங்கம்மா. காத்து எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க” என்றார். பிறகு கைப்பிரேக்கைப் போட்டார். சீறல் நின்றது. விடுவித்தார். மீண்டும் சீறியது.

இதன் காரணம் மிக அழகானது. ஸ்பிரிங் பிரேக்கில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் உள்ளன. பின்னறையில் உள்ள காற்று சுருள்வில்லை அடக்குகிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் அங்கே காற்று இருக்கும். முன்னறைக்கோ மிதியை அழுத்தும்போது மட்டும் காற்று வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு தண்டு செல்கிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அவ்வளையம் தேய்ந்தால் பின்னறைக் காற்று முன்னறைக்குள் புகுந்து, வந்த வழியே குழாயில் திரும்பி, ரிலே வால்வின் துவாரத்தில் வெளியேறுகிறது. கைப்பிரேக் போட்டால் பின்னறையில் காற்றே இராது; ஆகவே சீறலும் நின்றுவிடுகிறது. குற்றம் சக்கரத்தருகில், கூக்குரலோ வேறிடத்தில்! முன்னறைக் குழாய்களை முறைப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, இடப்பக்கச் சேம்பரே கசிகிறது என்று உறுதி செய்தார். அதை முழுதாக மாற்றிய பிறகுதான் ஊசி ஓரிடத்தில் நின்றது.

செய்யக்கூடாதவை

சேம்பரின் ஸ்பிரிங் உள்ள பகுதியை ஒருபோதும் பிரிக்கக்கூடாது. ஏறக்குறைய ஒரு டன் விசையுடன் அடங்கியிருக்கும் வில் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். எனவேதான் அதை முழுதாக மாற்றுகிறார்கள்.

காற்று இருக்கும்போது எந்த இணைப்பையும் கழற்றக்கூடாது. முதலில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அந்தச் சேம்பர்ச் சோதனை போலக் காற்றுடன் செய்ய வேண்டியவற்றைப் பயின்ற மெக்கானிக்கே செய்யலாம். கசியும் நட்டை மேலும் மேலும் முறுக்கினால் உள்ளிருக்கும் பித்தளை வளையம் நசுங்கிக் கசிவு அதிகமாகும். இத்தகைய இணைப்பில் டேப் சுற்றுவதாலும் பயனில்லை. பிய்ந்த துணுக்குகள் வால்வுக்குள் சென்று அடைத்துக்கொள்ளும்.

வழியில் சக்கரம் பூட்டிக்கொண்டால், போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்கி வண்டியை நகர்த்தும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் அந்தச் சக்கரத்துக்குக் கைப்பிரேக்கே இல்லை என்பதை மறக்கக்கூடாது. அது வண்டியை ஓரங்கட்டுவதற்கே உரியது. ஆள்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கன்று. அபாய மணி தொல்லையாக இருக்கிறதென்று அதன் கம்பியைக் கழற்றுவது, அழுகிற குழந்தையின் நோயைப் பாராமல் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

தொட்டியின் நீரை நாள்தோறும் வடிப்பது, நெடுநாள் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறையேனும் ஓட்டுவது, அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவுவது, ஒரு நிமிடச் சோதனையைச் செய்து அளவைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகிய இவை அதிகச் செலவில்லாதவை. சென்ற வாரத்து எண்ணையும் இந்த வாரத்து எண்ணையும் ஒப்பிட்டாலே, காதுக்குக் கேட்கும் முன்பே கசிவு தெரிந்துவிடும்.

தோழியரே! ‘இது ஆண்களின் வேலை’ என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. இதற்கு வேண்டியவை பொறுமை, கூர்ந்த காது, முறையாகப் பிரித்துப் பார்க்கும் அறிவு. இவை வகுப்பறையில் நாம் பெறுகின்றவையே. பெரிதாக ஒலிப்பதையே காரணம் என்று கொள்ளாமல், அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து செல்வதே அறிவியலின் வழி.

சிந்தித்து விடை காண்க

1. 30 லிட்டர் தொட்டியின் அளவுமானி 7 கிலோகிராம் காட்டுகிறது. அதில் எத்தனை லிட்டர் வெளிக் காற்று அடைபட்டுள்ளது?

2. டயாபிரத்தின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 5 கிலோகிராமாக இறங்கினால் தள்ளும் விசை எவ்வளவு?

3. கைப்பிரேக் போட்டிருக்கும்போது ஊசி அசையவில்லை, விடுவித்ததும் இறங்குகிறது. குறையை எங்கே தேடுவீர்கள்? ஏன்?

4. கசிவுள்ள வண்டியின் தொட்டியில் அதிக நீர் சேர்வது ஏன்?